ஃபோன் தூங்குகிற இடம்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் அத்தானும் சின்னக்குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? கழுத்து வலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறாயா, இல்லை கடையில் குனிந்தது குனிந்தபடியே இருக்கிறாயா?

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துபோயிருப்பாய். ஒன்றுமில்லை. ஃபோன் கெட்டுவிட்டது. ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன். பாகம் வர நாளாகும் என்கிறார்கள். அதுவரை கூப்பிட்டால் கிடைக்க மாட்டேன், அதனால்தான் இந்தக் காகிதம். கடைசியாக நான் எழுதிய கடிதம் பள்ளிக்கூடத்து லீவு லெட்டராகத்தான் இருக்கும். அதையும் நீதான் எழுதிக் கொடுத்தாய்.

கம்பெனியில் கொஞ்ச நாள் லீவு கொடுத்திருக்கிறார்கள். லிஃப்ட் மெக்கானிக்குக்கு லீவே கிடையாது என்று அத்தான் கேலி செய்வாரே, இப்போது சேர்த்து வைத்துத் தந்துவிட்டார்கள் என்று சொல். ஜன்னல் கொக்கியைச் சரிசெய்தேன். குழாய்க்கு வாஷர் மாற்றினேன். பக்கத்து வீட்டுக் கதவு கிறீச்சிடுவது பொறுக்காமல் அங்கேயும் போய் எண்ணெய் விட்டுவிட்டு வந்தேன்.

நேரம் கிடைக்கும்போது இரண்டு வரி எழுது.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 9

அன்புள்ள சுண்டு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். கழுத்து வலியும் நலமாகத்தான் இருக்கிறது, என்னை விட்டு எங்கே போகப் போகிறது. சின்னக்குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. மாமாவிடம் சொல் என்றாள், சொல்லிவிட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் ஃபோனைச் சரிசெய்கிற கடை எப்போது காவல் நிலையத்துக்குள் குடிபோனது?

உன் கம்பெனிக்குக் கூப்பிட்டேன். உன் பேரைச் சொன்னதும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவர் இப்ப வேலையில இல்லைங்க. எப்ப வருவாருன்னு எங்களுக்குச் சொல்லல" என்று வைத்துவிட்டாள். லீவில் இருக்கிற ஆளைப் பற்றி யாரும் அப்படிப் பேச மாட்டார்கள்.

அத்தான் நேரில் வருகிறேன் என்று சட்டையை மாட்டிவிட்டார். நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன். நீ பொய் சொன்னால் வீட்டில் எதையாவது சரிசெய்த கதையைத்தான் சொல்வாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நடந்ததை எழுது. எதுவானாலும் எழுது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நான் யாரிடமும் சொல்லவில்லையே. உனக்கு எப்படித் தெரிந்தது?

சரி, தெரிந்துவிட்டது. சொல்கிறேன். நீ அத்தானிடம் மெதுவாகச் சொல்.

போன மாதக் கடைசியில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் அதிகாரி. முட்டி வலி போல, முதலில் ஒரு நாற்காலி கேட்டு உட்கார்ந்துகொண்டார். பிறகுதான் ஃபோனைக் கேட்டார். நான் பராமரிக்கிற ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், கீழ்த்தளத்துக் கைக்கடிகாரக் கடையின் பின்சுவரை உடைத்துத் திருடியிருக்கிறார்கள். கடைக்கு வார விடுமுறை நாள், வியாழக்கிழமை சாயங்காலம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் எந்தெந்த ஃபோன்கள் இருந்தன என்று ஒரு பட்டியல் வாங்கியிருக்கிறார்கள். அதில் என்னுடையதும் இருக்கிறது.

"என்னை எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"உங்க பேரே எங்களுக்குத் தெரியாது தம்பி. ஃபோன்தான் தெரியும். பகல்ல எங்க சுத்தினாலும் ராத்திரி ஒரு இடத்துல வந்து தூங்குது. அங்க வந்து கதவைத் தட்டினோம், நீங்க திறந்தீங்க."

நான் இருக்கிற இடம் எந்த வழியாக வெளியே போனது தெரியுமா? ரசமட்டம் பார்க்கிற ஒரு ஆப். லிஃப்டின் தண்டவாளக் கம்பி நேராக நிற்கிறதா என்று பார்க்க வசதியாக இருக்கிறதே என்று இலவசமாக இறக்கி வைத்திருந்தேன். ஃபோனில் ஒரு குமிழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். நிறுவும்போது ஏதோ அனுமதி கேட்டது. கையெல்லாம் கிரீஸ், பல்லால் கையுறையைக் கழற்றிவிட்டுச் சரி என்று தொட்டேன். அன்றிலிருந்து நான் போகிற இடமெல்லாம் எந்தக் கம்பெனிக்கோ போய், அங்கிருந்து இன்னொரு கம்பெனிக்கு விற்கப்பட்டிருக்கிறது. யாருக்கு என்று அதிகாரிக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"வியாழக்கிழமை ஆனா வேலை முடிஞ்ச பிறகு அங்க போறீங்க. இந்த ஒரு வாரம் இல்ல, எல்லா வாரமும். எதுக்கு?" என்றார்.

மோட்டாருக்கு எண்ணெய் விட, பிரேக் பார்க்க என்றேன். கம்பெனிப் பதிவில் அப்படி எதுவும் இல்லையே என்றார். நான் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

ஃபோனைக் கொண்டுபோய்விட்டார்கள். கம்பெனியில், விஷயம் முடிகிற வரை வராதே என்றுவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, வங்கி, ஆஸ்பத்திரி என்று எல்லாக் கட்டடத்துக்குள்ளும் போகிறவன் நான். அடுத்த வீட்டு ஃபோனை வாங்கி உன்னிடம் பேசலாம். என்னால் அவர்கள் ஃபோன் நம்பரும் ஒரு பட்டியலில் ஏற வேண்டாம் என்றுதான் பேசவில்லை.

நான் திருடவில்லை. அது உனக்குச் சொல்லாமலே தெரியும்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 21

அன்புள்ள சுண்டு,

நலமா என்று கேட்கவே வாய் வரவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, அதை மட்டும் சொல்.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். இரண்டு வருஷம் முன்னால் நீ லிஃப்ட் குழிக்குள் விழுந்து, எங்கே கிடக்கிறாய் என்று சாயங்காலம் வரை ஒருவருக்கும் தெரியாமல் இருந்தது இல்லையா. ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தேன். நீ ஊசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாய். உன் கட்டைவிரலை எடுத்து உன் ஃபோனில் வைத்துத் திறந்து, குடும்பத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுவிட்டேன். நான், அத்தான், நீ. மூன்று புள்ளிகள். உன்னிடம் சொன்னால் எடுத்துவிடுவாய் என்று சொல்லவில்லை.

என்னைத் திட்டு. ஆனால் நம் வீட்டில் ஒரு மனுஷன் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர், போனவர்தான். அப்போது எனக்குப் பதினேழு, உனக்கு ஒன்பது. அம்மா படுக்கையில். அவள் கண் மூடிய அன்றுகூட அவர் எந்த ஊரில் இருந்தார் என்று நமக்குத் தெரியாது. அதிலிருந்து எனக்கு வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் சோறு இறங்குவதில்லை. உன் புள்ளி வீட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைப்பேன்.

அதனால் வியாழக்கிழமை எனக்கும் தெரியும். ஒரு பெண் என்றுதான் நினைத்தேன். அந்தக் கட்டடத்தில் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், ஒல்லியாக இருப்பாள், கணக்கு நன்றாக வரும் என்று நானே எல்லாம் முடிவு செய்து, எங்கள் கண்ணாடிக் கடையிலிருந்து நல்ல பிரேமாக ஒன்று அவள் மூக்கில் மாட்டியும் பார்த்துவிட்டேன். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன்.

அவள் கல்யாணமானவளோ, என்ன சங்கடமோ, எனக்கு வேண்டாம். அதிகாரியிடம் உண்மையைச் சொல்லிவிடு. மானம் போனால் திரும்பி வரும், வேலை போனால் வராது.

அன்புடன்,
அக்கா

*

மார்ச் 1

அக்காவுக்கு,

நான் நலம். உன் மேல் கோபம் இல்லை. இருந்தாலும் அந்த விஷயத்தைப் படித்தபோது யாரோ என் சட்டைப்பையில் கை விட்ட மாதிரி இருந்தது. பிறகு அது உன் கைதானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பெண் யாரும் இல்லை. இதற்குமேல் என்னால் எழுத முடியாது. ஒரே ஒரு உதவி செய். யார் கூப்பிட்டுக் கேட்டாலும் உனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். உன் ஃபோனை யாரிடமும் காட்டாதே. இதை மட்டும் கேள் அக்கா.

தம்பி

*

மார்ச் 6

அன்புள்ள சுண்டு,

நாங்கள் நலம். உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. வருவதற்கு முன்பே அவர் வந்துபோய்விட்டார்.

முந்தாநாள் கடையில் இருந்தபோது ஒருவர் வந்தார். முட்டி வலிக்காரர்தான், உட்கார ஸ்டூல் கேட்டார். கண்ணாடி பார்க்க வந்தவர் என்று நினைத்து முதலில் நான் பிரேம்களை எடுத்து வைத்தேன். உன் ஃபோனில் அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்திருக்கிறார், அதை வைத்து என்னைத் தேடி வந்திருக்கிறார். மரியாதையாகத்தான் பேசினார். "உங்க தம்பி மேல எனக்கும் சந்தேகம் இல்லைம்மா. ஆனா அவர் வாயைத் திறக்க மாட்டேங்குறாரு. நீங்க சொன்னா அவருக்குத்தான் நல்லது" என்றார்.

நான் சொன்னேன். நீ எண்ணெய் விடப் போகவில்லை, ஒரு பெண்ணைப் பார்க்கத்தான் போகிறாய், பல மாதமாகப் போகிறாய், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். என் ஃபோனையும் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு வியாழக்கிழமையாக அவரே தள்ளித் தள்ளிப் பார்த்தார். "அப்ப எண்ணெய் விட்ட கதை பொய்தான், இல்லைம்மா?" என்று கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நீ பொய் சொன்னாய் என்று சாட்சி சொல்லியிருக்கிறேன்.

அவர் போன பிறகு ஒரு லென்ஸைத் தேய்க்கும்போது விளிம்பு உடைந்துவிட்டது. முதலாளி வேறு லென்ஸ் எடுத்துக் கொடுத்தார்.

பெண் இல்லை என்கிறாய். பிறகு யார்? உடனே எழுது.

அக்கா

*

மார்ச் 24

அன்புள்ள சுண்டு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. நலமாக இருக்கிறாயா?

அத்தான் போன வாரம் வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். பூட்டியிருந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர், "காலையில போறாரு, இருட்டினப்புறம் வர்றாரு, செருப்பெல்லாம் தேஞ்சுபோச்சு" என்று சொன்னாராம். இருட்டும் வரை காத்திருந்தால் திரும்ப பஸ் கிடையாது. கதவிடுக்கில் ஒரு சீட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

எங்கே போகிறாய்? என்னிடம் கோபம் என்றால் அதையாவது எழுது. வெறும் காகிதத்தை உறையில் போட்டு அனுப்பினாலும் போதும்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். அத்தானின் சீட்டு கிடைத்தது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

போன வருஷம் அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுபோனது. உள்ளே ஒரே ஒரு ஆள். மாட்டிக்கொண்டவர்களிடம் கதவிடுக்கு வழியாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். "பயப்படாதீங்க ஐயா, காத்து வரும், கீழ உக்காருங்க" என்றேன். "நான் பயப்படல தம்பி. நீ நிதானமா பண்ணு. வெளிய வந்தா எனக்குப் பெருக்குற வேலைதான் காத்திருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். கதவை நெம்பித் திறந்து இரண்டு கையையும் பிடித்து மேலே இழுத்தேன். மெலிந்த ஆள், தாடி, பழைய கண்ணாடி. என் சட்டையில் குத்தியிருந்த பேரைப் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு அம்மாவின் பேரைச் சொல்லி, "அவ மகனா நீ?" என்று கேட்டார்.

ஆம் அக்கா. அவர்தான்.

இருக்க இடம் இல்லாமல் படிக்கட்டுக்கு அடியில் படுத்துக்கொண்டிருந்தார். இருமல். மொட்டை மாடியில் லிஃப்டின் மோட்டார் அறை இருக்கிறது. எங்களைத் தவிர யாரும் உள்ளே போகக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும். மோட்டார் சூட்டில் உள்ளே கதகதப்பாக இருக்கும். சாவியை அவருக்குக் கொடுத்தேன். வியாழக்கிழமை ரொட்டியும் இருமல் மருந்தும் வாங்கிக்கொண்டு போவேன். அட்டையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். உன்னைப் பற்றித்தான் கேட்பார். கண்ணாடிக் கடை எந்தத் தெருவில், நின்றுகொண்டு வேலையா உட்கார்ந்துகொண்டு வேலையா, குழந்தை யார் ஜாடை என்று கேட்பார். உன் கழுத்து வலி வரை சொல்லியிருக்கிறேன்.

ஏன் போனீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "உங்க அம்மா வலியில கத்துறதைக் கேக்க முடியல. கொஞ்ச நேரம் வெளிய நின்னுட்டு வரலாம்னு போனேன். திரும்ப கால் வரல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் மன்னித்தேனா என்று கேட்காதே. மன்னிக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை வந்தால் போகாமலும் இருக்க முடியவில்லை. அக்காவிடம் சொல்லட்டுமா என்று கேட்டபோது, "வேண்டாம். அவ முகத்துல முழிக்கிற யோக்கியதை எனக்கு இல்ல" என்றார். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நீ சொன்ன பெண்ணைத் தேடித்தான் மாடி மாடியாக ஏறியிருக்கிறார்கள். மோட்டார் அறையைத் திறந்தால் அவர். பக்கத்தில் என் பழைய ஸ்வெட்டர். திருட்டு நடந்த கட்டடத்தில், விலாசம் இல்லாத ஒரு ஆள். அவர்களுக்கு அது போதாதா. நிலையத்தில் என்னை அவர் முன்னால் நிறுத்தினார்கள். "இந்தத் தம்பி யாருன்னே எனக்குத் தெரியாது. பூட்டை நான்தான் திறந்தேன்" என்றார். "இவர் எங்க அப்பா சார்" என்றேன். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேர்ல யார் சொல்றதைத்தான் நம்புறது?" என்றார். அப்பாவின் கண்ணாடி ஒரு பக்கம் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எப்படி உடைந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நான் இல்லை.

பிறகு கடிகாரங்கள் கடைக்காரரின் சொந்த மச்சினன் வீட்டிலேயே கிடைத்துவிட்டன. அப்பாவை விட்டுவிட்டார்கள். எனக்குத் தகவல் சொல்லவில்லை. மறுநாள் ஃபோனைத் திருப்பிக் கொடுக்கக் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. எங்கே போனார் சார் என்று கேட்டேன்.

"அவர்கிட்ட ஃபோன் இல்லையே தம்பி. எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து தேடுகிறேன். பாலத்தடி, ரயில் நிலையம், ஆஸ்பத்திரி வராந்தா, இலவசச் சாப்பாடு போடுகிற இடம், எல்லாம் பார்த்தாகிவிட்டது. என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திருட்டுக்காக இல்லை, அறைச் சாவியைக் கொடுத்ததற்காக. அது நியாயம்தான். ஃபோன் மேஜை இழுப்பறைக்குள் அணைந்து கிடக்கிறது.

நீ அதிகாரியிடம் சொன்னதற்காக உன்னை நொந்துகொள்ளாதே. உன்னிடம் முன்பே சொல்லியிருந்தால் நீ சொல்லியிருக்க மாட்டாய். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. பதில் மட்டும் எழுது.

தம்பி

*

ஏப்ரல் 8

அன்புள்ள சுண்டு,

உன் கடிதம் நேற்று சாயங்காலம் வந்தது. தபாலில் இத்தனை நாள் எங்கே கிடந்ததோ. நன்றாகத் திட்ட வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். கண்ணாடி உடைந்து தொங்கியது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மறுபடி படித்தபோது கை ஓடவில்லை.

போன வெள்ளிக்கிழமை கடையில் நல்ல கூட்டம். ஒரு பெரியவர் வந்தார். கண்ணாடியின் ஒரு கை ஒடிந்து, நூலால் கட்டியிருந்தது. முதலாளி பார்த்துவிட்டு, "புது பிரேம்தான் போடணும் பெரியவரே" என்றார். அவர் என் பக்கம் திரும்பி, "இருக்கறதையே சரி பண்ண முடியாதாம்மா?" என்றார். பழைய பிரேம்கள் போட்டு வைத்திருக்கிற டப்பாவில் தேடி ஒரு கை எடுத்தேன். அவர் என் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தார். யாராவது வந்தால், "அவங்களை முதல்ல பாரும்மா, எனக்கு அவசரம் இல்ல" என்றார். அப்படி மதியம் வரை உட்கார்ந்திருந்தார். நானும் சரி என்று அவரைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

மாட்டிப் பார்த்தபோது ஒரு பக்கம் சாய்ந்தது. அவருக்கு ஒரு காது கொஞ்சம் மேலே. கண்ணாடிக் கையைச் சூடு காட்டி வளைத்து, மறுபடி மாட்டி, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை விட்டு அழுத்திப் பார்த்தேன். அப்படித்தான் பார்க்க வேண்டும். அவர் முகம் என் இரண்டு கைக்கும் நடுவில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணைத் திறங்க ஐயா. எதிர்ல போர்டு இருக்கு பாருங்க, எழுத்து தெரியுதான்னு சொல்லுங்க" என்றேன்.

திறந்தார். போர்டைப் பார்க்கவில்லை. "நல்லா தெரியுதும்மா" என்றார்.

எழுந்து போகும்போது, நான் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று கேட்டார். "வேலையே அப்படித்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அம்மா அவருக்கு முடி வெட்டிவிடும்போது சொல்வாளே, ஒரு காது மேல்மாடி, ஒரு காது கீழ்மாடி, எந்தக் காதை நம்பி வெட்டுவது என்று. உனக்கு ஞாபகம் இருக்காது, நீ குழந்தை. எனக்கு நேற்று உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. விரல் வைத்த அன்று வரவில்லை.

அத்தானும் நானும் இரவு வரை அலைந்தோம். பஸ் நிலையத்தில் கேட்டோம். ஆஸ்பத்திரியில் கேட்டோம். என்ன அடையாளம் என்று கேட்டார்கள். கண்ணாடியின் இரண்டு கையும் இரண்டு நிறம் என்றேன். வீட்டுக்கு வந்து பழக்கதோஷத்தில் ஃபோனை எடுத்து அந்தப் புள்ளிகளைப் பார்த்தேன். நான் இருந்தேன், அத்தான் இருந்தார், இரண்டு பேரும் ஒரே இடத்தில். நீகூட அதில் இல்லை.

இங்கே வந்துவிடு சுண்டு. ஃபோன் வேண்டாம், ஆள் வா. வேலையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்பா வேறு எந்த ஊரைப் பற்றியாவது, யாரைப் பற்றியாவது பேசியிருக்கிறாரா என்று யோசித்துக்கொண்டே வா.

காலையில் முதலாளியிடம் கெஞ்சி, கடைக் கேமராவில் வெள்ளிக்கிழமையைப் போடச் சொன்னேன். வெளியே போனவர் உடனே போகவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று உள்ளே பார்த்துக்கொண்டே இருக்கிறார். கடைக்குள் நான் இருக்கிறேன், குனிந்து ஏதோ திருகாணியை முறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு பஸ் வந்து நிற்கிறது. பஸ் நகர்ந்தால் அவர் இல்லை. ஏறினாரா, நடந்தாரா தெரியவில்லை. முதலாளி எனக்காகத் திரும்பத் திரும்பப் போட்டார். எத்தனை முறை போட்டாலும் நான் நிமிரவே இல்லை.

உன் அக்கா